நாலு மணி விரல்கள்

நந்தினியின் மூன்று விரல்கள் கம்பிகளைத் தொடவே இல்லை.

கட்டைவிரல் மட்டும் தொட்டது. கிடாரின் தடித்த கம்பிகளில் டும், டும் என்று நடந்துகொண்டிருந்தது. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் மெல்லிய கம்பிகளுக்கு ஒரு நெல்லளவு மேலே, வெறும் காற்றில், வழக்கம்போல அசைந்தன.

பாட்டு அந்த மூன்று விரல்களில்தான் இருந்தது. அதாவது, இப்போது பாட்டே இல்லை.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் இளையபெருமாள். முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து குளித்த ஈரத் தலை. கையில் டீ. கண் அவள் விரல்கள் மேல். தலை மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

முடித்தாள். மூச்சை விட்டாள்.

"நல்லாருந்துச்சு புள்ள," என்றான் அவள் கணவன். "உள்ள இருக்கறது இந்நேரம் தூங்கிருக்கும்."

நந்தினி சிரித்தாள். கிடாரைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

போன வாரமே சந்தேகம் வந்துவிட்டது. வாசித்துக்கொண்டிருக்கும்போது கெண்டைக்காலில் பிடிப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டைவிரலை மட்டும் ஓட்டினாள். மெல்லிய கம்பிகள் சும்மா கிடந்தன. அவன் தலை நிற்காமல் ஆடியது. தற்செயலாக இருக்கும் என்று தள்ளிவிட்டாள். இன்று வேண்டுமென்றே செய்து பார்த்துவிட்டாள். தற்செயல் இல்லை.

அவனுக்குக் கேட்கவில்லை. பாட்டின் அடிப்பாகம் கேட்கிறது. மேல்பாகம் கேட்கவில்லை.

எத்தனை நாளாக?

*

அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஏழு வருஷம் பாறையில் துளை போடும் மெஷினில் நின்றவன் இளையபெருமாள். காதில் அடைத்துக்கொள்ளக் கயிறு கோத்த ரப்பர் கொடுத்திருந்தார்கள். அது எப்போதும் அவன் சட்டைப் பையில்தான் இருக்கும். "அத மாட்டிக்கிட்டா பின்னால எவன் கத்துறான்னு எப்படித் தெரியும்?" என்பான். இப்போது கல் அள்ளிப் போடும் லோடர் ஓட்டுகிறான். காது அந்தப் பழைய மெஷினோடு தங்கிவிட்டது.

பொங்கலின்போது நந்தினி ஒரு தடவை கேட்டாள். "ஏங்க, டிவி சத்தத்த இவ்ளோ ஏத்துறீங்களே, ஒரு தடவ காது டாக்டரப் பாத்துட்டு வந்துரலாமா?"

"எனக்கு என்ன? எனக்கு ஒண்ணுமில்ல."

அதற்கப்புறம் இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் மல்லிகைப்பூ வாங்கி வந்து பேச்சைத் தொடங்கினான். காதைப் பற்றிய பேச்சு மட்டும் அத்தோடு நின்றது.

அவள் பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், பிறந்த குழந்தைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். அந்த வார்டுக்குள் நகத்தோடு நுழைய முடியாது. பத்து விரலிலும் வெள்ளைக் கோடு தெரியாமல் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். விரலால் கிடார் வாசிக்கிறவர்கள் வலது கை நகத்தைப் பிள்ளை மாதிரி வளர்ப்பார்கள். இவளுக்கு அந்த யோகம் இல்லை. வெறும் சதைதான். சதை பட்டால் கம்பி முனகும், பேசாது.

அந்த முனகலிலேயே ஒரு மெட்டு கட்டியிருந்தாள். ஐந்தாம் மாதத்தில் தொடங்கியது. தினம் நாலு மணிக்கு, இருவரும் டியூட்டி முடிந்து வீடு திரும்பியதும் வாசிப்பாள். கிடாரின் முதுகு வயிற்றில் படும். மெட்டின் இரண்டாவது வரி வரும்போது உள்ளேயிருந்து ஒரு உதை கிளம்பும். தவறாமல் கிளம்பும்.

உள்ளே இருப்பதற்குக் கேட்கிறது. நாலு அடி தள்ளி உட்கார்ந்திருப்பவனுக்குக் கேட்கவில்லை!

சுவரில் காலண்டர் இருந்தது. அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமையைச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தான் இளையபெருமாள். வளைகாப்பு. அன்று மாலையே ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து அவள் அம்மா கொளஞ்சியம்மாள் வந்து அழைத்துப் போய்விடுவாள். பிரசவம், பச்சை உடம்பு, மூன்றாம் மாதம் என்று எல்லாம் முடிந்து திரும்ப ஐந்து மாதம் ஆகும்.

எண்ணினாள். இருபத்து மூன்று நாள்.

அதற்குள் அவனுக்கு அந்த மெட்டு ஒரே ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும்.

*

என்ன செய்யலாம்?

ஓங்கி மீட்டிப் பார்த்தாள். கம்பி கட்டையில் மோதி ஜிர்ரென்றது. சத்தத்தைக் கூட்டிக் காட்டும் ஆம்ப் வாங்கி மாட்டலாம். 'எதுக்கு இப்ப இது' என்று அவன் கேட்பான். பதில் சொல்ல வேண்டி வரும். கீழ் வீட்டில் ஓனர் வேறு. பிக் என்கிற தட்டையான பிளாஸ்டிக் துண்டைப் பிடித்து எல்லாக் கம்பியையும் சேர்த்து அடிக்கலாம். அது வேறு வாசிப்பு. இந்த மெட்டில் கட்டைவிரல் ஒரு வழி போகும், மற்ற விரல்கள் வேறு வழி போகும். ஒற்றைப் பிக்கால் ஆகாது.

டியூட்டி இடைவேளையில் போனில் தேடினாள். கிடைத்தது. விரலிலேயே மாட்டிக்கொள்ளும் பிக். கட்டைவிரலுக்கு ஒன்று, மற்ற மூன்றுக்கு மூன்று. விரலில் ஒரு வளையம், அதிலிருந்து நீளும் ஒரு நாக்கு. அவ்வளவுதான். பிளாஸ்டிக்கிலும் இருந்தது, உலோகத்திலும் இருந்தது. உலோகம் என்றதும் பயமாக இருந்தது. பிளாஸ்டிக்கை ஆர்டர் போட்டாள். முகவரி, ஆஸ்பத்திரி.

எந்த அளவு? மாலையில் விரலைப் பார்த்தாள். ஏழாம் மாதத்திலிருந்தே சாயங்காலம் ஆனால் விரல்கள் மொந்தன்பழம் மாதிரி வீங்கிவிடும். பிரஷர் சரியாக இருந்தது, நீர்தான். பெரிய அளவு என்று அழுத்தினாள்.

நாலாம் நாள் பார்சல் வந்தது. மறுநாள் அதிகாலை ஐந்து மணிக்கு ஷிஃப்ட் வண்டி அவனை ஏற்றிக்கொண்டு போனதும் கதவைச் சாத்திவிட்டு மாட்டினாள்.

நகத்துக்குப் பதில்தானே இது? நகம் இருக்கும் பக்கம் நாக்கு வரும்படி மாட்டினாள். கழுகு மாதிரி இருந்தது கை.

முதல் தொடுதலிலேயே நடுவிரல் பிக் கழன்று கட்டிலுக்கடியில் பறந்தது. இரண்டாவது, கம்பியில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. மூன்றாவது, விரலைச் சுற்றிச் சுழன்றது. காலையில் விரல்கள் வற்றியிருந்தன. பெரிய அளவு லொடலொடத்தது. பிளாஸ்டிக்கை வெந்நீரில் போட்டால் இளகும், விரலுக்குத் தக்கபடி அழுத்திக்கொள்ளலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். பிளாஸ்க் வெந்நீரில் போட்டு அழுத்தினாள். காலை விரலுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. மதியம் டியூட்டி முடிந்து வந்து மாட்டினால் பாதி விரலைத் தாண்டவில்லை. வலுக்கட்டாயமாக இறக்கினாள். மூன்றே நிமிஷத்தில் நுனி ஊதா நிறமானது.

மீதி பதினேழு நாள்.

*

அடைக்கலமேரி திருச்சியில் நர்சிங் படித்தபோது ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில். ஏலாக்குறிச்சிக்காரி. அந்த ஊர் மாதா கோயில் பாடற்குழுவில் கிடார் வாசிக்கிறவள். நந்தினிக்குக் கிடாரில் முதல் மூன்று கார்டு பிடிக்க அவளோடு சேர்ந்து, ஹாஸ்டல் மொட்டை மாடியில், துணி காயப் போட்ட கொடிகளுக்கு நடுவில் பழக்கமானதுதான்.

"ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு வா," என்றாள் போனில். "மாதாகிட்ட சுகப்பிரசவம் வேண்டிக்கறேன்னு சொல்லிட்டு வா. பொய்யும் ஆகாது."

இளையபெருமாளுக்கு ஞாயிறு டியூட்டி. வார லீவு புதன்கிழமை. "டிரைவருக்குப் பின்னாடி சீட்டுல உக்காரு. படிக்கிட்ட நிக்காத. அரியலூர்ல மாறும்போது அவசரப்படாத," என்று நாலு தடவை சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

கோயில் வாசலில் மூன்று சுற்றுலா பஸ்கள் நின்றிருந்தன. பாடற்குழு அறையில் பூசை முடிந்து எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். அடைக்கலமேரி ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"மாட்டிக் காட்டு."

நந்தினி மாட்டிக் காட்டினாள்.

அடைக்கலமேரி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரித்து முடிக்க ஒரு நிமிஷம் ஆனது.

"ஏண்டி, எந்தக் குப்பையக் கிளறப் போற? கோழி மாதிரி!"

"நகத்துக்குப் பதிலாத்தான இது? அப்ப நகத்து மேலதான மாட்டணும்?"

"நீ கம்பிய எந்தப் பக்கத்தால தொடுற? நகத்து முதுகாலயா? சதையாலதான தொடுற? நாக்கு சதப் பக்கம் வரணும்டி. விரல் ரேக இருக்கு பாரு, அது மேல படுத்து, நுனிய ஒட்டி மேல வளையணும். இத்தன நாளா இப்படியேவா வாசிச்ச?"

"மூணு நாளா."

"மாதாவே!"

திருப்பி மாட்டியதும் விரல்கள் வேறு யாருடையதோ போல ஆயின. ஆனால் கழன்று பறக்கவில்லை. கம்பியும் மாட்டவில்லை. அடைக்கலமேரி தன் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் கவிழ்த்தாள். நாலைந்து ஜோடி பிக்குகள் மேசையில் உருண்டன.

"பிளாஸ்டிக்க விடு. உன் விரல் ஒரு நாளைக்கு ரெண்டு சைஸ். பிளாஸ்டிக் ஒரு தடவ ஒரு அளவுக்கு நின்னுரும். உலோகம்னா கையாலயே விரிக்கலாம், நெருக்கலாம். இது ஸ்டீலு. வாசி."

வாசித்தாள். தகர டப்பாவில் ஆணி விழுந்த மாதிரி இருந்தது.

"இது தடியான பித்தள. வளைக்கறது கஷ்டம். இது மெல்லிசு. இதப் பாரு."

மெல்லிய பித்தளை. ஒரு கம்பியை மட்டும் மீட்டினாள்.

அந்த ஒற்றைச் சத்தம் அறை முழுவதும் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பியது. நந்தினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாக அவள் கிடாரிடம் இப்படி ஒரு குரல் இருந்தது அவளுக்கே தெரியாது.

"இதுதான்," என்றாள்.

"நீயே வச்சுக்க. கட்டைவிரலுக்கு மட்டும் பிளாஸ்டிக் எடுத்துக்க, அது தடிக்கம்பிக்குப் போதும்." அடைக்கலமேரி அவள் முகத்தையே பார்த்தாள். "சரி, விஷயம் என்ன? நெற மாசத்துல எதுக்கு இந்த வேல? கச்சேரியா பண்ணப் போற?"

நந்தினி சொன்னாள். காற்றில் வாசித்தது, தலை ஆடியது, எல்லாம்.

அடைக்கலமேரி மீதிப் பிக்குகளை டப்பாவில் போட்டு மூடினாள்.

"சொல்லிரு அவர்கிட்ட."

"சொன்னா 'கேக்குதே'ம்பாரு. அடுத்த நாளும் வந்து உக்காந்து தலைய ஆட்டுவாரு. எனக்கு அத ஒத்துக்க வைக்கறது வேணாம் மேரி. அவருக்குக் கேக்கணும். அவ்வளவுதான்."

அடைக்கலமேரி அவள் விரலைப் பிடித்துப் பித்தளை நாக்கின் நுனியை இன்னும் கொஞ்சம் வளைத்துவிட்டாள். "விரல மடக்கிக் கொக்கி போடாத. நீட்டி வச்சு வருடு. கம்பிக்கு நேராப் படணும், சாஞ்சா கீச்சுனு இழுக்கும். மொத பத்து நாளு நீ வாசிக்கறது உனக்கே வெறுப்பா இருக்கும். விட்டுறாத."

*

பத்து நாள் என்று அவள் சொன்னது குறைச்சல்.

பித்தளை வளையத்தின் ஓரம் வீங்கிய விரலில் பதிந்து வெட்டியது. பெரம்பலூர் கடைவீதியில் வைரக்கண்ணு பத்தரிடம் கொண்டுபோனாள். அவள் தாலிக்குக் குண்டு கோத்தவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மூன்றையும் உள்ளங்கையில் போட்டு உருட்டினார்.

"என்னம்மா இது, தேள்கொடுக்கு மாதிரி?"

"கிடார் வாசிக்கறதுக்குங்க. வளையம் வெட்டுது. ஓரத்த மழுக்கி, கொஞ்சம் விரிச்சுக் குடுத்தீங்கன்னா..."

பத்தர் அவள் வயிற்றைப் பார்த்தார். "பிள்ளத்தாச்சிக்கு நான் மோதிர அளவே எடுக்கறதில்ல. எடுத்தா ஒரு மாசத்துல 'பத்தரு ஏமாத்திட்டாரு'ன்னு வருவாங்க. காலையில வா. விரல் வத்தியிருக்கும். அப்பத்தான் நெச அளவு."

"காலையில வேணாங்க. எனக்கு நாலு மணி விரலுக்குத்தான் வேணும்."

"அது என்ன நாலு மணி?"

"அப்பத்தான் வீட்டுக்காரர் வருவாரு."

பத்தர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். "அப்ப நாலு மணிக்கு வா," என்றார்.

புதன்கிழமை. அவனுக்கு லீவு, லோடரின் டயர் விஷயமாக நண்பனைப் பார்க்க அரியலூர் போயிருந்தான். சரியாக நாலு மணிக்குப் பத்தர் கடையில் கையை நீட்டினாள். அவர் விரல் விரலாக அளந்தார். அரத்தால் ஓரங்களை ராவினார். குறடால் விரித்தார். மோதிர விரலுக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இந்த ஒண்ணு மட்டும் கொஞ்சம் தளர்வா வச்சிருக்கேன். இந்த விரல் இன்னும் வீங்கும். பாத்து வாசி."

வெட்டு நின்றது. வாசிப்பு வரவில்லை.

சத்தம் வந்தது. நிறையவே வந்தது. ஆனால் பித்தளை கம்பியில் டிக், டிக் என்று தட்டும் சத்தமும் சேர்ந்து வந்தது. இரண்டாம் கம்பி என்று நினைத்து மூன்றாவதைத் தொட்டாள். விரல் நுனியில் கம்பி படவே இல்லை. கம்பி எங்கே இருக்கிறது என்று விரலுக்கே தெரியவில்லை. செருப்புப் போட்டுக்கொண்டு இருட்டில் படி இறங்குகிற மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு வாசித்த மெட்டைக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டும் வாசிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் பிக்குகளைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தாள். அழுதாள். எழுந்து டியூட்டிக்குப் போனாள்.

அன்று வார்டில் ஒன்றே கால் கிலோ குழந்தை ஒன்று. ஊசி போட நரம்பு தேட வேண்டும். கிளவுஸ் மாட்டிய விரலால் அந்தச் சின்னக் கையை வருடினாள். இங்கே... இல்லை. இங்கே. கிடைத்தது. ஒரே குத்தில் ரத்தம் வந்தது.

பஞ்சை வைத்து அழுத்தும்போது சட்டென்று நின்றாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிளவுஸோடு நரம்பைத் தேடத் தெரியாமல் பாத்ரூமில் போய் அழுதவள் அவள். ரப்பருக்கு வெளியே எங்கேயோ இருக்கிறது குழந்தை என்று தோன்றும். எப்போது அந்த ரப்பர் காணாமல் போனது? தெரியாது. ஆனால் எப்படிப் போனது என்று தெரியும். தேடுவதை அவள் விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுக்கு மாற்றியபோது. அழுத்தத்தைக் குறைத்தபோது. நிதானமாக, ஒவ்வொரு விரலாக.

வீட்டுக்கு வந்து கட்டிலிலிருந்து பிக்குகளைப் பொறுக்கினாள். மெட்டை மறந்தாள். ஒரே கம்பி. ஒரே விரல். மெதுவாக. நூறு தடவை. அடுத்த விரல். நூறு தடவை. மூன்று மணிக்குள் முடித்துப் பிக்குகளை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, டீக்குப் பால் வைத்தாள்.

ஐந்தாம் நாள் டிக், டிக் குறைந்தது. எட்டாம் நாள் இரண்டாம் கம்பி இரண்டாம் கம்பியாகவே இருந்தது.

*

ஆனால் ஒரு விஷயத்தை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வளைகாப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"என் மேல எதும் கோவமா?"

"இல்லீங்களே. ஏன்?"

"ரெண்டு வாரமா நாலு மணிக்கு நீ வாசிக்கறதே இல்ல. இடுப்பு வலிங்கற. தூக்கம் வருதுங்கற. நான் வந்து அந்த நாற்காலில உக்காந்து உக்காந்து எந்திரிச்சுப் போறேன்." ஒரு வாய் சோற்றைப் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான். "ஞாயித்துக்கிழம நீ போயிருவ. போறதுக்குள்ள ஒரு தடவ வாசி புள்ள."

கேட்காத பாட்டுக்கு இவ்வளவு ஏக்கமா?

"சனிக்கிழம வாசிக்கிறேன்," என்றாள். "சத்தியமா."

சனிக்கிழமைதான் கடைசி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் ஏறிவிடும். அதோடு கிடாரைத் தொட்டால் வளையல்தான் பேசும்.

சனிக்கிழமை. மூன்று மணி ஐம்பது நிமிஷம்.

விரல்களைப் பார்த்தாள். வழக்கத்தைவிட அதிகமாக வீங்கியிருந்தன. காலையிலிருந்து வளைகாப்புக்குப் பாத்திரம் எடுத்து வைத்ததில் வந்த வினை. கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கட்டிலில் படுத்துக் கிடந்தாள். பத்து நிமிஷம். படியில் செருப்புச் சத்தம்.

அவன் குளித்துவிட்டு வந்தான். நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் பிக்குகளை எடுத்தாள்.

"அது என்னது கையில?"

"நகம். ஆஸ்பத்திரியில வெட்டிட்டாங்கள்ல. கடையில வாங்கி மாட்டிக்கிட்டேன்."

"பாத்து, பாப்பாவப் பிறாண்டிராத," என்று சிரித்தான்.

கட்டைவிரல் ஏறியது. ஆள்காட்டி விரல். நடுவிரல். மோதிர விரலில் பத்தர் விட்டிருந்த தளர்வு முழுவதும் தீர்ந்துபோயிருந்தது. அழுத்தினாள். பாதி வரை போனது. போதும் என்று விட்டாள்.

தொடங்கினாள்.

முதல் வரி. அவள் கம்பிகளைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

தலை ஆடத் தொடங்கியது, வழக்கம்போல. டும், டும். பிறகு ஆட்டம் தடுமாறியது. நின்றது.

இரண்டாம் வரி. வயிற்றில் உதை. அவன் டீ டம்ளரைத் தரையில் வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை. அப்படியே குனிந்தபடி இருந்தான். பிறகு நாற்காலியைச் சத்தமில்லாமல் ஒரு அடி முன்னால் இழுத்தான். இன்னொரு அடி.

நந்தினியின் இதயம் கட்டைவிரலைவிட வேகமாக அடித்தது. மூன்றாம் வரி. மோதிர விரல் பிக் கொஞ்சம் திரும்பியிருந்தது. தெரிந்தது. நிறுத்த முடியாது. கம்பியைத் தொட்டாள். பிசகியது. பக்கத்துக் கம்பி கணீரென்று அபஸ்வரமாகக் கத்தியது. சமாளித்துக்கொண்டு போனாள். முடித்தாள்.

இளையபெருமாள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தான்.

"நடுவுல ஒண்ணு..." தயங்கினான். "ஒரு எடத்துல... தப்பா அடிச்சியா?"

நந்தினி உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் இறங்கிக் கிடாரின் மேல் சொட்டியது.

"ஏ... ஏ புள்ள, கொற சொல்லல. நல்லாத்தான் இருந்துச்சு! ஒரே ஒரு எடந்தான். அதுக்கு ஏன் அழுவுற?"

"தப்புதாங்க," என்றாள் அழுதுகொண்டே சிரித்து. "தப்பாத்தான் அடிச்சேன். ரொம்பத் தப்பு."

அவன் அவளைப் பார்த்தான். அவள் விரலில் மின்னிய பித்தளையைப் பார்த்தான். மறுபடியும் அவளைப் பார்த்தான். முகத்தில் ஏதோ மெல்ல இடம் மாறியது.

"உனக்குத் தெரியும்," என்றான்.

"மூணு வாரமா."

"சொல்லல?"

"நீங்க சொல்லல?"

தலையைக் குனிந்துகொண்டான். லோடர் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த இரண்டு கையையும் முழங்கால் நடுவில் வைத்துப் பிசைந்தான்.

"ஒரு வருஷம் இருக்கும். மொதல்ல குருவி சத்தம் போச்சு. அப்புறம் குக்கர் விசிலு. நீ பேசறது கேக்கும், மொகத்தப் பாத்தா கேக்கும். பாட்டுல டும் டும்முங்கறது மட்டும் வரும். கேக்கலன்னு சொன்னா நீ எனக்கு வாசிக்கறத விட்டுருவியோன்னு..." நிறுத்தினான். "அதான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவள் பிக் மாட்டிய கையாலேயே அவன் தலையைத் தொட்டாள். ஈர முடியில் பித்தளை மாட்டிக்கொண்டது. "ஆ!" என்றான். இருவரும் சிரித்தார்கள்.

"பொதங்கிழம திருச்சிக்குப் போறேன்," என்றான், அவள் பிக்கை முடியிலிருந்து விடுவித்தபடி. "காது பாக்க. நீ ஊர்லேருந்து போன் போட்டு, பாப்பா அழுவுறது கேக்குதான்னு கேப்ப. அப்ப நான் மொகத்தப் பாத்துத் தெரிஞ்சுக்க முடியாதுல்ல."

"யாரு கூட வருவா?"

"நானே போய்க்குவேன். சின்னப் பிள்ளையா?"

அப்புறம் திடீரென்று நிமிர்ந்தான். "ஆனா ஒண்ணு சொல்லட்டா? உன் பாட்டு இப்படி இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல."

"எப்படி?"

"நான் வேற மாதிரி நெனைச்சிருந்தேன். டும் டும்மு கேக்கும்ல? உன் விரல் எப்ப மேல போவுது, எப்ப கீழ வருதுன்னு பாத்து, அதுக்கு மேல நானா ஒண்ணு போட்டுக்குவேன். நாலு மாசமா அதத்தான் கேட்டுட்டு இருந்தேன்."

நாலு மாசமாக இந்த அறையில் ஒரே நேரத்தில் இரண்டு பாட்டு ஓடிக்கொண்டிருந்ததா?

"பாடுங்க."

"எத?"

"நீங்க போட்டுக்கிட்டதத்தான்."

"அய்ய, போ. எனக்குப் பாட வராது."

"முனகுங்க போதும்."

"கீழ ஓனர் வீட்ல இருக்காரு புள்ள."

"அவருக்குக் காது நல்லாருக்கு. அது அவர் பாடு."

இளையபெருமாள் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். தொண்டையைச் செருமினான். கண்ணை மூடிக்கொண்டு முனக ஆரம்பித்தான். சுருதி அங்குமிங்கும் போனது. ஆனால் அவளுடைய டும் டும்முக்கு மேலே அது சரியாகத்தான் உட்கார்ந்தது. அவள் கட்டியதைவிடக் கொஞ்சம் துடுக்கான மெட்டு. கிணற்றடியில் தண்ணீர் தளும்புகிற மாதிரி அங்கங்கே துள்ளியது.

நந்தினி மோதிர விரல் பிக்கைக் கழற்றி மேசையில் வைத்தாள். இரண்டு விரல் போதும். கட்டைவிரலை நடக்கவிட்டுக்கொண்டு, மெல்லிய கம்பிகளில் அவன் முனகலைத் தேடினாள்.

முதல் சத்தம், தப்பு. இரண்டாவதும் தப்பு.

"அது இல்ல," என்றான் கண்ணைத் திறக்காமலே. "இன்னும் மேல."

"இதா?"

"அதுக்கும் மேல. கொஞ்சம்... ஆங். அங்கதான். அங்கேருந்து கீழ வா."